மாமன் சொல்லும் கருத்துரு

வா மருமகனே, வா. திண்ணையில உக்காரு. கையைப் பிடிச்சுக் கூப்பிட முடியாது, கட்டைவிரல்ல விளக்கெண்ணெய் தடவி ஊற வச்சிருக்கேன். சிரிக்காத. சாயங்காலம் நான் உசிரோட இருக்கேன்னு அரசாங்கத்துக்கு நிரூபிச்சுக் காட்டணும். வருஷத்துக்கு ஒருதடவை இந்தப் பரீட்சை. போன வாரம் போனேன், மிஷின் என்னை ஒத்துக்கல. முப்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லுல சைடு பாத்த விரலுய்யா இது. அறுந்த நூலை ஒட்டி ஒட்டி ரேகை பூராத்தையும் பஞ்சே தின்னுபோட்டுது. இ-சேவைக்காரப் பிள்ளை ஈரத்துணியால துடைச்சுப் பாத்தா, ஊதிப் பாத்தா, கடைசில 'தாத்தா, எண்ணெய் தடவிட்டு வாங்க'ன்னு அனுப்பிட்டா. கோயில்ல சாமிக்குத்தான் எண்ணெய்க்காப்புன்னு நினைச்சிருந்தேன்.

உங்க அத்தை சொன்னா, நீ சென்னையில ஏதோ கருத்துரு எழுதிட்டிருக்கியாமே. 'பொருளாதார நெருக்கடிக் காலங்களில் முதியோரின் ஓய்வூதிய வருவாயைப் பாதுகாத்தல்.' அடேயப்பா! அந்தத் தலைப்பு நீளத்துக்கு வேட்டி எடுத்தா ரெண்டு கிழவங்க கட்டிக்கலாம். எழுது, நல்லா எழுது. ஆனா வாங்குறவன் ஒருத்தன் திண்ணையில எண்ணெய் தடவிக்கிட்டு உக்காந்திருக்கான், அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுது. இந்தா மோர். குடிச்சுக்கிட்டே கேளு.

முதல் யோசனை செலவே இல்லாதது. ஓய்வூதியம் குடுக்கக் கட்டுப்படியாகலைன்னா ஓய்வே குடுக்காத. நான் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல. கொரோனாவுல கஜானா காஞ்சு கிடந்தப்ப, 2020 மே மாசம் நம்ம மாநிலத்துல 58ல ரிட்டயர் ஆக வேண்டியவங்களை 59க்குத் தள்ளினாங்க. 2021 பிப்ரவரில 60ன்னு தள்ளினாங்க. ரெண்டே ரெண்டு அரசாணையில மனுசனுக்கு ரெண்டு வயசைக் குறைக்கலாம்ங்கறது சித்தர்களுக்குக்கூடத் தெரியாமப் போச்சு. மொத்தமாக் குடுக்க வேண்டிய பணத்தைத் தள்ளிப்போடத்தான் வயசைத் தள்ளிப்போட்டாங்கன்னு நம்ம டீக்கடையில பேசிக்கிட்டோம். டிஎன்பிஎஸ்சி படிச்சிட்டு வேப்பமரத்தடியில உக்காந்திருந்த பயலுக, இன்னும் ரெண்டு வருஷம் அதே மரத்தடியில உக்காந்தானுக. மரத்துக்கு நிழல் செலவுதான், வேற என்ன.

ரெண்டாவது யோசனை, வட்டியைக் குறைக்கிறது. அதுக்கு நம்ம கேட்கீப்பரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடணும். ரயில்வேல கேட்டு சாத்திச் சாத்தியே காலத்தை ஓட்டுனவர். 2020 மே மாசம் ரிட்டயர் ஆனாரு. கைக்கு வந்ததுல 10 லட்சத்தைத் தபால் ஆபீஸ்ல மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல போட்டாரு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னால வரைக்கும் வட்டி 8.6 சதவீதம். ஏப்ரல் 1ல இருந்து 7.4. வருஷத்துக்கு 12,000 ரூபாய் போச்சு. மாசம் ஆயிரம். 'இவ்வளவு வருஷமா ரயிலு லேட்டா வந்துச்சு, இப்பப் பாத்து நான் லேட்டாப் போயிட்டேனே'ன்னு புலம்புவாரு.

அதாவது பரவாயில்லை. 2021 மார்ச் 31ஆம் தேதி ராத்திரி என்னாச்சு, ஞாபகம் இருக்கா? 7.4ஐயும் 6.5ஆக்கி உத்தரவு போட்டாங்க. மறுநாள் காலையில நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அது தவறுதலா வந்த உத்தரவு, வாபஸ்னு அறிவிச்சாங்க. மறுநாள் என்ன தேதின்னு பாத்தியா? ஏப்ரல் 1! கேட்கீப்பர் நம்பவே இல்லை, யாரோ ஏப்ரல் ஃபூல் பண்றாங்கன்னு மத்தியானம் வரைக்கும் சாப்பிடாமக் கிடந்தாரு. அன்னைக்கு மேற்கு வங்காளத்துல ஓட்டுப்பதிவு, நமக்கு அஞ்சு நாள் கழிச்சு, ஏப்ரல் 6ல. தப்பு நடக்கிறது சகஜம்தான் மருமகனே, நானும் கணக்குல தப்பு விட்டவன். ஆனா அரசாங்கத்துக்குத் தவறுதலா வட்டியைக் கூட்டுற வியாதி மட்டும் ஒருநாளும் வரமாட்டேங்குதே, அது ஏன்னு உங்க ஆபீஸ்ல யாராவது விவரமானவங்க இருந்தா விசாரிச்சு எழுது.

அப்புறம் அகவிலைப்படி. 2020 ஏப்ரல்ல மத்திய அரசு மூணு தவணையை நிறுத்தி வச்சுது. வேலையில இருக்கறவங்களுக்கும் இல்லை, பென்ஷன்காரங்களுக்கும் இல்லை. பதினெட்டு மாசம் 17 சதவீதத்துலயே நின்னுச்சு, 2021 ஜூலைலதான் 28 ஆச்சு. நின்ன மாசத்துக்கான அரியர் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. கேட்கீப்பர் இதையும் தினம் டீக்கடையில வந்து எங்கிட்டச் சொல்லி அழுவாரு. நான் ஆறுதல் சொல்லுவேன். ஒருநாள், 'அண்ணாச்சி, உங்க பென்ஷனுக்கு அகவிலைப்படி எவ்வளவு?'ன்னு கேட்டுட்டாரு. டீக்கடையே அமைதியாயிருச்சு.

என் கதையைச் சொல்லட்டுமா? நான் 1974ல மில்லுல சேந்தேன். 2004ல கதவைச் சாத்தினாங்க. 58 வயசு வரைக்கும் ஒரு குடோன்ல வாட்ச்மேனாக் கிடந்துட்டு, அப்புறம்தான் பென்ஷன். 1995ல வந்த திட்டம் அது, எங்க பிஎஃப்ல முதலாளி போடுற பங்குல இருந்து ஒரு பகுதியை வெட்டி வச்சு நடத்துறது. எனக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம் போட்டாங்க. 2014 செப்டம்பர்ல, யாருக்கும் ஆயிரத்துக்குக் குறையக் கூடாதுன்னு ஒரு நல்ல மனசுல உத்தரவு வந்துச்சு. அன்னைக்கு நம்ம கடையில டீ 6 ரூபாய். என் பென்ஷனுக்கு 166 டீ. இன்னைக்கு டீ 12 ரூபாய். 83 டீ. அகவிலைப்படிங்கிற பேச்சே எங்க திட்டத்துல கிடையாது. பென்ஷனை நாங்க குறைக்கவே இல்லையேன்னு நீங்க சொல்லுவீங்க. உண்மைதான், பாஸ்புக்குல குறையல. டம்ளர்லதான் குறைஞ்சிருக்கு.

மாநிலங்களவையில பகத்சிங் கோஷ்யாரி தலைமையில ஒரு குழு, குறைஞ்சது 3,000 குடுங்கன்னு 2013லயே எழுதிக் குடுத்துச்சு. அதுக்கு அடுத்த வருஷம்தான் இந்த ஆயிரம். மூணுல ஒண்ணு. பொண்ணு வீட்டுக்காரன் சீர் பேசினாக்கூட மூணுக்கு ரெண்டாவது தருவான்.

சரி, என் பாட்டை விடு. உன் மச்சான் பாட்டுக்கு வா. அதுக்கு முன்னால, உள்ளே அடுப்படி மூலையில நிக்குது பாரு, எட்டிப் பாத்துட்டு வா. பாத்தியா? அதுதான் எங்க அப்பாயியோட குலுக்கை. இப்ப உங்க அத்தை பழைய துணி போட்டு வச்சிருக்கா. செம்மண்ணும் வைக்கோலும் குழைச்சு, உறை உறையா அடுக்கி எடுத்தது. மேல அகல வாய், அங்கதான் கம்பு கொட்டுறது. கீழ சாண் உயரத்துல ஒரு சின்னத் துளை இருக்கா? அதுல பழந்துணியைத் திணிச்சு மேல சாணியும் மண்ணும் வச்சு மெழுகியிருப்பா அப்பாயி. நான் டவுசர் போட்ட காலத்துல ஒரு வருஷம் மழை சுத்தமாப் பொய்ச்சுப் போச்சு. எங்க சித்தப்பா பசி தாங்காம ராத்திரியில அந்தத் துளையைக் குத்தி, ரெண்டு படி கம்பு எடுத்துட்டாரு. காலையில அப்பாயி பாத்தா. திட்டல, அடிக்கல. சித்தப்பாவைக் கூப்பிட்டு, 'எடுத்தது சரி, எப்ப மேல கொட்டப்போற?'ன்னு கேட்டா. அவ்வளவுதான். அவரு அஞ்சு வருஷம் கழிச்சுக் கொட்டினாரு.

உன் மச்சான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கானே, அவனுக்கு 2020 லாக்டவுன்ல சம்பளம் நின்னுபோச்சு. அந்த மார்ச் கடைசில அரசாங்கம், பிஎஃப்ல மூணு மாசச் சம்பளம், இல்லைன்னா இருப்புல முக்கால்வாசி, எது குறைவோ அதை எடுத்துக்கோங்க, திருப்பிக் கட்ட வேணாம்னு சொல்லுச்சு. டிவியில அதை நிவாரணம்னாங்க. இவனுக்கு 33,000 வந்துச்சு. வாடகை, அரிசி, பிள்ளைக்கு மருந்து. எடுக்காம இருந்திருக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். எடுக்கலைன்னா கந்துவட்டிக்காரன் வாசல்ல நின்னிருப்பான். 2021ல ரெண்டாவது அலை வந்தப்ப, இன்னொரு தடவை எடுக்கலாம்னாங்க. எடுத்தான்.

அன்னைக்கு ஒரு துண்டுத்தாள்ல நான் கணக்குப் போட்டேன். எட்டு சதவீத வட்டின்னா பணம் சுமார் ஒம்பது வருஷத்துக்கு ஒருதடவை இரட்டிக்கும். அவனுக்கு அப்ப 31 வயசு. 58க்கு இன்னும் 27 வருஷம், மூணு இரட்டிப்பு. எட்டு மடங்கு. 33,000 இருந்த இடத்துல ரெண்டரை லட்சத்துக்கு மேல நின்னிருக்கும். அப்படின்னா அந்த லாக்டவுன்ல அவனுக்கு உதவி பண்ணினது யாரு? 58 வயசுல பல்லு போயி உக்காந்திருக்கப்போற அவனேதான். அந்தக் கிழவனோட சோத்தை எடுத்து இந்த இளவட்டத்துக்குப் போட்டுட்டு, 'நாங்க போட்டோம்'னு போஸ்டர் ஒட்டினாங்க. அடித்துளையைத் திறந்துவிட்டதுக்குப் பேரு நிவாரணம்னா, எங்க சித்தப்பாவுக்குச் சிலை வைக்கணுமே!

வெளிநாட்டுலயும் இதே கதைதான்னு என் பேரன் சொல்றான். சிலியில பத்துப் பத்து சதவீதமா மூணு தடவை திறந்துவிட்டாங்களாம். ஆஸ்திரேலியாவுல ரெண்டு தடவை, தடவைக்கு 10,000 டாலர் வரைக்கும். பஞ்சம் வந்தா எல்லா ஊரு சித்தப்பாவும் ஒண்ணுதான் போல.

ஒண்ணுமே மேல கொட்டலைன்னு சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். நூறு பேருக்குள்ள வேலை பாக்குற கம்பெனியில, நூத்துக்குத் தொண்ணூறு பேரு 15,000க்குக் கீழ சம்பளம் வாங்கினா, தொழிலாளி பங்கையும் முதலாளி பங்கையும் சேத்து 24 சதவீதத்தை 2020 மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அரசாங்கமே கட்டுச்சு. அது நிசமாவே மேல கொட்டினது. கும்பிடலாம். உன் மச்சான் கம்பெனியில 130 பேரு. முப்பது பேரு கூடப் போனதால நூத்து முப்பது பேருக்கும் கிடைக்கல. அவங்களுக்குக் கிடைச்சது வேற. மே, ஜூன், ஜூலை மூணு மாசம் பிஎஃப் பிடித்தம் 12ல இருந்து 10 ஆச்சு, கைக்குக் கூடுதலாச் சம்பளம் வரும்னாங்க. இவன் காசுல ரெண்டை இவன்கிட்டயே குடுத்தாங்க, முதலாளி போட வேண்டியதுல ரெண்டை முதலாளிகிட்டயே விட்டுட்டாங்க. ரெண்டு பேருக்கும் சந்தோசம். குலுக்கையை யாரும் கேட்கல.

'அப்ப துளையை இறுக்கி அடைச்சிரலாமா மாமா'ன்னு கேப்ப. அவசரப்படாத. 2016 பிப்ரவரில அதையும்தான் பண்ணிப் பாத்தாங்க. முதலாளி பங்கை 58 வயசு வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு ஒரு உத்தரவு. ஏப்ரல்ல பெங்களூரு கார்மென்ட்ஸ் பொம்பளைப் பிள்ளைக ஆயிரக்கணக்குல ரோட்டுல வந்து உக்காந்துட்டாங்க. ஊரே நின்னுபோச்சு. ரெண்டாவது நாளே உத்தரவு வாபஸ். அவங்க கேட்டது நியாயம். முப்பத்தஞ்சு வயசுல தையல் மிஷின்ல இருந்து வெளிய தள்ளப்படுற பிள்ளைகிட்ட, 'இன்னும் இருபத்து மூணு வருஷம் பொறு தாயி'ன்னா அவ என்ன செய்வா? குலுக்கை நிறையக் கம்பை வச்சுக்கிட்டு, பக்கத்துல பட்டினி கிடக்கச் சொல்றதும் பாதுகாப்பு இல்லை. 2025 அக்டோபர்ல மறுபடியும் இந்த விதியைத் திருத்துனாங்க. கால்வாசியை உள்ளேயே வச்சிரு, முக்காலை எடு, வேலை போனா முழுசையும் எடுக்க ரெண்டு மாசத்துக்குப் பதிலா பன்னிரண்டு மாசம் பொறுன்னு. மறுபடியும் ஒரே கூச்சல். கூச்சல் வரத்தான் செய்யும். துளை எவ்வளவு பெருசா இருக்கணும்னுதான் இத்தனை வருஷமாப் பேசுறாங்க.

அப்பாயி என்ன செஞ்சா தெரியுமா? கம்பு போன அடுத்த வெள்ளாமையில, வாசல்பக்கம் ஒரு சின்னக் குலுக்கை செஞ்சா. முழங்கால் உயரம்தான். 'பசிச்சா இதுல எடு, அதைத் தொடாத'ன்னா. உங்ககிட்டயும் ஒரு சின்னக் குலுக்கை இருக்குய்யா, உனக்குத் தெரியுமோ தெரியாதோ. இஎஸ்ஐல, வேலை போனவனுக்கு மூணு மாசம் வரைக்கும் பாதிச் சம்பளம் குடுக்கற திட்டம். 2018ல கால்வாசியா இருந்ததை 2020ல பாதியாக்கினாங்க. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. அந்தப் பேரை மனப்பாடம் பண்ணி முடிக்கறதுக்குள்ள மூணு மாசமும் முடிஞ்சுபோகும். உன் மச்சான்கிட்ட நான்தான் சொன்னேன், அவன் 'அது யாரு மாமா வடக்கத்தி மந்திரியா'ன்னு கேட்டான். அந்தச் சின்னக் குலுக்கையைப் பெருசாக்கி, தமிழ்ல ஒரு பேரும் வச்சு, கம்பெனி வாசல்ல எழுதிப் போட்டா, பெரிய குலுக்கையைத் தொடுற பயலுக பாதியாக் குறைவானுகன்னு உன் கருத்துருவுல ஒரு வரி எழுது. மாமன் பேரைப் போட வேணாம்.

இங்கயாவது எடுத்தது நாமதான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு என்ன நடந்துச்சு கேளு. எங்க சின்னாத்தா வழி ஆளுக அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல இன்னும் இருக்காங்க. சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துல பாதிப் பேரு இங்க வந்தாச்சு, பாதிப் பேரு அங்கயே தங்கியாச்சு. சின்னாத்தா பேரன் வாட்ஸ்அப்ல பேசுவான். அங்க பிஎஃப்புக்குப் பேரு ஊழியர் சேமலாப நிதி. கொழுந்து கிள்ளுற பொம்பளை சம்பளத்துல 8 சதவீதம், தோட்டக் கம்பெனி 12 சதவீதம். 2022 ஏப்ரல்ல அந்த நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாதுன்னு கையை விரிச்சுது. அந்த செப்டம்பர்ல விலைவாசி ஒரு வருஷத்துல 70 சதவீதத்துக்குப் பக்கம் ஏறிக்கிடந்துச்சு. சேமலாப நிதிக்கு அந்த வருஷ வட்டி 9. இதுக்கு மேல தனியாத் திருடன் வேற வரணுமா?

வந்தாங்க. 2023 ஜூன் கடைசில உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புன்னு ஒண்ணு. ஹஜ் பெருநாள், பௌர்ணமிப் போயா, நடுவுல ஒரு விசேஷ விடுமுறைன்னு சேத்து அஞ்சு நாள் பேங்கை மூடிட்டு, ஜூலை 1, சனிக்கிழமை, நாடாளுமன்றத்துல 122க்கு 62ன்னு நிறைவேத்துனாங்க. ஊரு திருவிழாவுக்குப் போயிருந்த நேரம் பாத்துக் கன்னம் வைக்கிற மாதிரி. பேங்குகளைத் தொடல, தொட்டா சரிஞ்சுபோகும், அவங்க ஏற்கெனவே வரி நிறையக் கட்டுறாங்கன்னு காரணம் சொன்னாங்க. ஓய்வுகால நிதிகளைத்தான் தொட்டாங்க. கையில இருக்கற அரசாங்கக் கடன் பத்திரத்தைக் குடுத்துட்டுப் புதுப் பத்திரம் வாங்கிக்கோ, முதல்ல 12 சதவீதம், அப்புறம் 9. வேணாங்கறியா, 14 சதவீத வரி 30 ஆகும். விருப்பம் உன்னோடது! எங்க ஊரு தரகன்கூட இவ்வளவு மரியாதையா மிரட்ட மாட்டான்.

வட்டி 9க்குக் குறையாதுன்னு உறுதி குடுத்தாங்க, அதையும் சொல்லிடறேன். 2023க்கு 13கூடக் குடுத்தாங்க. ஆனா அதுக்கு முன்னால விலைவாசி தின்னது தின்னதுதானே. சின்னாத்தா பேரன் ஒண்ணு கேட்டான், இன்னும் என் காதுல கிடக்கு. 'மாமா, நாட்டுக்குக் கடன் வாங்கும்போது எங்கம்மாவைக் கேட்டாங்களா?' நான் என்னத்தச் சொல்ல? பேங்குக்குச் சங்கம் இருக்கு, வெளிநாட்டுக் கடன்காரனுக்கு வக்கீல் இருக்கு. பத்து விரலும் கொழுந்துக்கறை ஏறின கிழவிக்கு யாரு இருக்கா?

அங்கயும் இங்கயும் குலுக்கையே இல்லாத கூட்டம் ஒண்ணு இருக்கு. களையெடுத்து, கரிமூட்டம் போட்டு, வயசாகி உக்காந்தவங்க. 1962லயே நம்ம மாநிலத்துல முதியோர் பென்ஷன் 20 ரூபாய்னு ஆரம்பிச்சாங்க, அன்னைக்கு அது பெரிய காரியம். இப்ப 2023 ஆகஸ்ட்ல இருந்து 1,200. அதுல வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கறவங்களுக்குன்னு டெல்லி போடுறது 200 ரூபாய், 2007ல இருந்து அதே 200. எண்பது தாண்டினா 500. அதாவது எண்பது வரைக்கும் 200 ரூபாயில உசிரைக் கையில பிடிச்சிருக்கறவனுக்கு ஒரு பரிசு. கொரோனாவுக்குன்னு தனியா ஆயிரம் குடுத்தாங்க, ரெண்டு தவணையா. ஒரே தவணையில குடுத்திருந்தா கிழவி தூக்க முடியாம விழுந்திருப்பான்னு பயந்திருப்பாங்க.

நீ பேனாவை மூடாத. இன்னும் ஒண்ணே ஒண்ணு. விலைவாசி ஏறினா கேட்கீப்பர் பென்ஷன் ஏறுது, நடுவுல கொஞ்சம் நின்னாலும் ஏறுது. என் பென்ஷன் ஏறாது, முதியோர் பென்ஷன் வாங்குற கிழக்குத்தெரு மாரியாத்தாவுக்கும் தானா ஏறாது, எலெக்ஷன் வந்து ஏத்தினாத்தான். மூணு பேரும் ஒரே கடையிலதான் டீ குடிக்கிறோம். டீக்கடைக்காரன் பென்ஷன் வகையைக் கேட்டு விலை சொல்றது இல்லை. இதை உங்க ஆபீஸ் பாஷையில எப்படி எழுதுவீங்களோ எழுதிக்கோ. மேல இருக்கறவரு 'நிதிச்சுமை'ன்னு ஓரத்துல கிறுக்கித் திருப்பி அனுப்புவாரு. அனுப்பினா, எப்ப மேல கொட்டப்போறீங்கன்னு எங்க அப்பாயி கேட்டதை மட்டும் ஒருதடவை கேட்டுட்டு வந்திரு.

சரி, எந்திரி. பைக்கை எடு. போற வழியில என்னை அந்த இ-சேவையில இறக்கிவிட்டுட்டுப் போ. விரலு ஒத்துக்கலைன்னா இப்ப முகத்தை வச்சே பாக்கலாமாம், அந்தப் பிள்ளை சொன்னா. போனை மூஞ்சிக்கு நேரா பிடிப்பாங்களாம், நாம கண்ணைச் சிமிட்டணுமாம். சிமிட்டினாத்தான் உசிரோட இருக்கறதாக் கணக்காம். நேத்து ராத்திரி கண்ணாடி முன்னால நின்னு சிமிட்டிச் சிமிட்டிப் பழகினேன். உங்க அத்தை பின்னால நின்னு பாத்துட்டு, 'எழுபது வயசுக்கு மேல யாரைப் பாத்துக் கண்ணடிக்கிறீரு?'ன்னு கேட்டா.

'அரசாங்கத்தைத்தான் தாயி'ன்னேன்.